ஜூன் விடுமுறையில் திருநர் பிள்ளைகளுக்கு ஒரு முகாம்: நடத்த நினைக்கும் குடும்பங்களுக்கு

சிங்கப்பூரில் பள்ளி முகாம்களில் பயிற்றுநராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கயாக், கயிறு ஏறுதல், கூடாரம் போடுதல், இரவு நடை எல்லாம் என் பிழைப்பு. என் அக்கா மகன் ஒரு திருநம்பி. பெண் பிள்ளை என்று பதிவாகி, பெண்கள் பள்ளியில் படித்து, பதின்மூன்று வயதில் தான் பையன் என்று வீட்டில் சொன்னவன். பள்ளி முகாம் என்றாலே அவனுக்கு வயிற்றைக் கலக்கும். முகாமே என் தொழிலாக இருக்கும்போது என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு முகாம் இல்லாமல் போவதா என்ற ஆற்றாமையில் தொடங்கியதுதான் இது. இப்போது சில தமிழ்க் குடும்பங்களும், அவர்கள் வழியாக வந்த மலாய், சீனக் குடும்பங்கள் சிலவும் சேர்ந்து ஜூன் விடுமுறையில் இரண்டு இரவு ஒன்றாகத் தங்குகிறோம். நாங்களும் செய்யணும், எப்படி என்று சொல்லுங்கள் எனக் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கென்றே முகாம்கள் உண்டு. நிக் டைக் என்ற திருநம்பி 2009இல் தொடங்கிய கேம்ப் அரானுடிக், எட்டு வயது முதல் பதினைந்து வரை உள்ள திருநர் பிள்ளைகளுக்கான கோடை முகாம். கனடாவில் கேம்ப் ஃபயர்ஃப்ளை 2004இல் தொடங்கியது, திருநர்களோடு தன்பாலீர்ப்புள்ள இளையர்களும் சேர்ந்து வரும் முகாம் அது. கலிபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊரில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே பகல் முகாம் நடத்தியிருக்கிறார்கள். அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தால் நீச்சல், படகு, கைவேலை, இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு. எல்லா முகாமிலும் செய்வதுதான். ஆனால் அங்கே போகும் பிள்ளை தன்னைப் பற்றி யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் பெற்றோர் இவ்வளவு செலவு செய்து அனுப்புகிறார்கள்.

இதை இங்கேயும் செய்யலாம், சிறிய அளவில். செய்வதானால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் பிள்ளை வாய்திறந்து கேட்டு வாங்க வேண்டியது என்று எதுவும் இருக்கக் கூடாது. எந்த அறை, எந்தக் குளியலறை, என்ன பெயர், தண்ணீரில் இறங்க என்ன உடை, எல்லாவற்றையும் பெரியவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். முகாமின் உழைப்பில் பெரும்பகுதி பிள்ளைகள் வருவதற்கு முந்தைய வாரங்களில் நடப்பது.

யார் வரலாம், எங்கே தங்கலாம்

முதல் தடவை ஆறு முதல் பத்துப் பிள்ளைகள் போதும். வயது பன்னிரண்டிலிருந்து பதினேழு. இன்னும் சின்னப் பிள்ளைகளை அப்பா அம்மாவோடு பகலில் மட்டும் வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வர வேண்டும். அம்மா வர முடியாவிட்டால் மாமா, சித்தி, கல்யாணமான அக்கா, யாராக இருந்தாலும் சரி. எங்கள் அனுபவத்தில் அப்பா அம்மாவைவிட மாமாவும் அத்தையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். அவர்கள் வழியாகத்தான் வீட்டில் மற்றவர்கள் மனம் இளகுகிறது.

பெற்றோருக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையையும் இரவு தங்க வைக்காதீர்கள். சிங்கப்பூரில் 21 வயதில்தான் சட்டப்படி ஒருவர் வயது வந்தவராகிறார். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். தங்குமிடம், தேதி, அவசரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் அனுமதி எல்லாம் அதில் இருக்கட்டும். வீட்டில் சொல்ல முடியாத நிலையில் உள்ள பிள்ளைகள் நம்மைத் தேடி வருவார்கள். மனம் கேட்காது, ஆனாலும் முகாமுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அடி விழுவது அந்தப் பிள்ளைக்குத்தான். அவர்களை ஊகாசாகா போன்ற ஆலோசனை அமைப்பிடம் கொண்டு சேருங்கள். 1999இலிருந்து இங்கே இயங்கும் அமைப்பு அது, வாட்ஸ்அப்பிலேயே ஆலோசகரிடம் பேசலாம்.

இடம் என்று வந்தால் எல்லாருக்கும் முதலில் கூடாரம்தான் தோன்றும். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதிச் சீட்டு எடுத்தால் கூடாரம் போட்டுத் தங்கலாம். எனக்கும் கூடாரம் பிடிக்கும். ஆனால் இந்த முகாமுக்கு வேண்டாம் என்பேன். காரணம் கழிப்பறை. பூங்காவில் பொதுக் கழிப்பறைதான், ஆண், பெண் என்று இரண்டு வாசல். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு போய் அந்த இரண்டு வாசலுக்கு முன்னால் ஒரு பிள்ளை தயங்கி நிற்கும். அல்லது நிற்கக் கூடாது என்பதற்காகவே சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும்.

அதனால் ஷாலே எடுங்கள், விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு. பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்ட், சாங்கி, லோயாங் பக்கம் எல்லாம் கிடைக்கும். பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை இவை: வீட்டுக்குள்ளேயே குளியலறை எத்தனை, கதவு உள்ளிருந்து சரியாகத் தாழ்ப்பாள் போடுமா, பார்பெக்யூ அடுப்பு தனியாக உண்டா, பக்கத்து ஷாலேயிலிருந்து முற்றம் தெரியுமா. குளியலறை ஒன்றுதான் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பதிவு செய்பவர் யாரோ அவருடைய அடையாள அட்டையோடு முகப்பில் வேலை முடிய வேண்டும். பிள்ளைகளின் அட்டையைக் கேட்பார்களா என்று போனிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே 15 வயதில் அட்டை கையில் வந்துவிடுகிறது. அதில் பாலினத்தை மாற்ற 1973 முதல் வழி உண்டுதான், ஆனால் அறுவை சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். ஆகவே நம் பிள்ளைகளின் அட்டையில் பிறந்தபோது எழுதியதுதான் இருக்கும். வந்து இறங்கியதும் அதை எடுத்து அந்நியர் ஒருவரிடம் நீட்டும்படி ஆனால் அந்த இரண்டு நாளும் தொடங்கும் முன்பே கெட்டுவிடும்.

சட்டம் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். குடும்பங்கள் சேர்ந்து விடுமுறைக்குத் தங்குவதில் தவறு ஏதும் இல்லை. உறுப்பினர், சந்தா, பொறுப்பாளர் என்று நிரந்தர அமைப்பாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தத் தொடங்கினால் சங்கங்கள் சட்டம் வரும். அந்தக் கட்டத்துக்கு வந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். 377ஏ பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நீக்கியது. அது ஆண்களுக்கிடையேயான உறவு பற்றிய சட்டம். திருநராக இருப்பது அதற்கு முன்பும் குற்றமாக இருந்ததில்லை. தயங்கும் தாத்தா யாராவது இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

படிவம்

சம்மதக் கடிதம் பெற்றோருக்கு. பிள்ளைக்குத் தனியாக ஒரு பக்கப் படிவம் கொடுங்கள். அதைப் பிள்ளையே நிரப்பட்டும், யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

உன்னை நாங்கள் எப்படிக் கூப்பிடணும் என்பது முதல் கேள்வி. பெயர், அவன், அவள், அவர் எல்லாம் இதில் வந்துவிடும். தமிழில் பேசினால் ஒன்று, ஆங்கிலத்தில் பேசினால் வேறு என்று எழுதும் பிள்ளைகளும் உண்டு, அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் முதல் கேள்வி அளவுக்கு முக்கியம்: உன் வீட்டுக்குப் போன் செய்தால் எந்தப் பெயரைச் சொல்லணும்? மூன்றாவது, உன்னைப் பற்றி யார் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது?

ஒரு தடவை, மாமாவோடு வந்திருந்த பெண் பிள்ளை ஒருத்திக்கு இரவில் காய்ச்சல். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். மாமா கடைக்குப் போயிருந்தார். வீட்டு எண்ணுக்கு நான் அழைத்தபோது எடுத்தவர் பாட்டி. அந்தப் பாட்டிக்கு அவள் இன்னும் பேரன்தான். படிவத்தில் அவளே எழுதியிருந்த பழைய பெயரைச் சொல்லி, முகாம் டீச்சர் பேசுகிறேன், கொஞ்சம் அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். பாட்டி சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அப்புறம் என் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாள். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. நம் அவசரத்துக்கு அது வெளியே வந்துவிடக் கூடாது.

மற்ற கேள்விகள் வழக்கமானவை. யாரோடு அறையில் இருக்கப் பிடிக்கும், தனியாகப் படுக்கணுமா, என்ன மருந்து எந்த நேரத்தில், என்ன சாப்பிடமாட்டாய், எதைக் கண்டால் பயம். அறை ஒதுக்கும்போது ஆண், பெண் என்று கோடு போடாதீர்கள். பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை வைத்து ஒதுக்குங்கள். பெரியவர்கள் வேறு அறையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்.

படிவத்தில் உள்ள பெயரைப் பெரியவர்கள் எல்லாரும் முகாமுக்கு முன்பே வாயில் பழக்கிக்கொள்ள வேண்டும். பெயருக்கு இவ்வளவு அலட்டலா என்று ஓர் அப்பா கேட்டார். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வை அவரிடம் காட்டினேன். வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்ற நான்கு இடங்களில் திருநர் இளையர்கள் தாங்கள் தேர்ந்த பெயரில் அழைக்கப்படுகிறார்களா என்று அதில் கேட்டிருந்தார்கள். அப்படி அழைக்கப்படும் இடம் ஒன்று கூடும்போது தற்கொலை எண்ணம் 29 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் மகனைப் புதுப் பெயர் சொல்லிப் பசியாற எழுப்பினார்.

வாய் தவறினால் சட்டென்று திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால் பிள்ளைதான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அதேபோல அளவுக்கு மீறிப் பாராட்டவும் வேண்டாம். எங்களோடு வரும் ஒரு மாமா லாரி ஓட்டுபவர். முதல் நாளே என் அக்கா மகனைப் பார்த்து, டேய் தம்பி, இந்த அரிசி மூட்டையை ஒரு கை பிடிடா என்றார். அவன் மூட்டையைப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே. அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனவர் இல்லை.

வெயில், தண்ணீர், உடை

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். என் தொழில் அனுபவத்தில் உடலுக்கு ஆபத்து வருவது இங்கேதான்.

திருநம்பிப் பிள்ளைகள் பலர் மார்பைத் தட்டையாகக் காட்டப் பைண்டர் என்ற இறுக்கமான உள்ளாடை அணிகிறார்கள். அதை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. தூங்கும்போது கழற்ற வேண்டும். ஓடும்போது, துடுப்புப் போடும்போது, மலையேறும்போது போடக் கூடாது, ஏனென்றால் மூச்சை முழுதாக இழுக்க முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். அளவு எடுத்துச் சரியான சைஸ் வாங்க வேண்டும், இன்னும் தட்டையாக இருக்கட்டுமே என்று ஒரு சைஸ் சின்னதாக வாங்கக் கூடாது. பைண்டர் வாங்க முடியாத பிள்ளைகள் கிரேப் பேண்டேஜையோ ஒட்டு நாடாவையோ சுற்றிக்கொள்கிறார்கள். அது விலா எலும்பையே நெருக்கிவிடும். அப்படி ஒரு பிள்ளை வந்தால் திட்டாதீர்கள். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றும் கருப்பு நிறத்தில் தொளதொளவென்ற டி-சட்டை ஒன்றும் கைவசம் வைத்திருந்து கொடுங்கள்.

வெளி நடவடிக்கைக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, இறுக்கமான உள்ளாடை போட்டிருப்பவர்கள் மாற்றிக்கொண்டு வாருங்கள், பத்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டாம். கதவுக்குப் பின்னால் கொக்கி, ஈரத் துணிக்குக் கறுப்புப் பை, துவைத்ததை இரவில் உலர்த்த அறைக்குள்ளேயே ஒரு மேசை விசிறி, இவை இருக்கட்டும். பைண்டரை முற்றத்துக் கொடியில் காயப்போட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது, உலராததையே மறுநாளும் மாட்டிக்கொள்ளும்.

திருநங்கைப் பிள்ளைகள் சிலர் கீழே இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒட்டு நாடா வேண்டாம், தோலை உரித்துவிடும். இறுக்கமான உள்ளாடை போதும். வலித்தால் உடனே கழற்ற வேண்டும் என்று கூட வந்திருக்கும் மூத்த திருநங்கை யாராவது தனியாகச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. நாம் சொல்வதைவிட அவர் சொன்னால் காதில் ஏறும்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பள்ளியில் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்த்துத் தவிர்த்துப் பழகியிருப்பார்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு பிள்ளையின் தண்ணீர் போத்தல் காலையில் நிரப்பியபடியே இருந்தால் அதுதான் அறிகுறி. சிறுநீர்த் தொற்றும் வெப்பத் தாக்கமும் இப்படித்தான் வருகின்றன. நான் எல்லாரையும் நிற்க வைத்து ஒன்றாகக் குடிக்கச் சொல்வேன், பள்ளி முகாமில் செய்வது மாதிரியே. அதோடு முடியாது. அடுத்த கழிப்பறை எங்கே, அதில் தனி அறை இருக்கிறதா என்பதையும் சொல்வேன். அது தெரிந்தால்தான் குடிப்பார்கள். உபின் தீவுக்குப் பகல் பயணம் போனால், சாங்கி படகுத் துறையில் ஒரு தடவை, தீவில் இறங்கியதும் ஒரு தடவை, பெரியவர் ஒருவர் துணைக்கு நிற்க எல்லாரும் போய்வரட்டும். படகில் பன்னிரண்டு பேர்தான் ஏற்றுவார்கள். முழுப் படகையும் நாமே எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வருவார்கள்.

கடலிலோ குளத்திலோ இறங்க, நீளக் கை வைத்த நீச்சல் சட்டையும் தளர்வான அரைக்கால் சட்டையும் பையன்களுக்குச் சரி. பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை வைத்த நீச்சலுடை, அல்லது முஸ்லிம் பெண்கள் அணியும் முழுநீள நீச்சலுடை. சிங்கப்பூரில் இது நமக்குப் பெரிய வசதி. முழுக்க மூடிய நீச்சலுடையில் யார் குளித்தாலும் இங்கே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெவ்வேறு சைஸில் சிலவற்றை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள். பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் நீரில் இறங்கியிருக்கமாட்டார்கள். நீந்தத் தெரியும் என்று சொன்னாலும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு முறை பார்த்துவிட்டு விடுங்கள்.

எல்லாக் குளியலறையிலும் சானிடரி பேடும் மூடி போட்ட குப்பைத் தொட்டியும் வைக்க மறக்காதீர்கள்.

சமையலும் சேலையும்

சாப்பாட்டைப் பெரிய வேலையாக்க வேண்டாம். கோழி ஹலாலாக வாங்குங்கள், மாட்டிறைச்சி தவிர்த்துவிடுங்கள், சைவத்துக்குத் தனிக் கரண்டி. முதல் நாள் தேக்கா சந்தையில் காய்கறி வாங்குவதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

நிகழ்ச்சி நிரலை நிரப்பித் தள்ளாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்து ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பார்கள். அதைத் தடுத்து விளையாட்டுக்கு இழுக்காதீர்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நடவடிக்கையை மட்டும் நான் விடுவதில்லை. சேலை கட்டவும் வேட்டி கட்டவும் கற்றுத்தருவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் நம் பிள்ளைகள் படும் பாடு உடையில்தான் தொடங்குகிறது. எங்கள் முகாமுக்கு வரும் திருநங்கை அக்கா ஒருவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பழைய சேலைகள் ஒரு பை நிறையக் கொண்டுவருவார். பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி, கொசுவத்தைத் தன் விரலில் மடிக்காமல் பிள்ளையின் விரலிலேயே மடிக்க வைப்பார். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒவ்வொரு மடிப்பாக. கலைந்தால் உருவிவிட்டு மறுபடி. தோளில் ஊக்குக் குத்தும்போது மட்டும் அவர் கை போகும், சட்டைக்கு உள்பக்கமாக, வெளியே தெரியாமல். முகம் முழுக்கக் கவனமாக இருக்கும். தனக்கு இதைச் சொல்லித்தர அன்றைக்கு யாரும் இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அந்தப் பக்கம் லாரி மாமா பையன்களுக்கு வேட்டி கட்டச் சொல்லித்தருவார். ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடையில் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் கேட்டால், அதையும் கட்டிக்கோ, இதையும் தெரிஞ்சு வச்சுக்கோ என்பார். இரண்டும் வேண்டாம் என்று ஜிப்பாவும் தோடும் போட்டுக்கொள்ளும் பிள்ளையும் உண்டு. ஆண், பெண் இரண்டிலும் தன்னை வைத்துக்கொள்ளாத அந்தப் பிள்ளைக்கும் அதே கண்ணாடி, அதே நேரம்.

பெரியவர்களின் இரவு

இரண்டாம் நாள் இரவு பிள்ளைகள் படம் பார்க்கட்டும். பெரியவர்கள் பார்பெக்யூ அடுப்பைச் சுற்றி உட்காருங்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஆள் பேசச் சொன்னால் நம் அப்பாக்கள் பேசமாட்டார்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள். கோழியைத் திருப்பிக்கொண்டே பேசுவார்கள்.

எங்க பரம்பரையிலேயே இப்படி இல்லை, இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்ற பேச்சு எப்படியும் வரும். அப்போது நான் பேராசிரியர் ஷான் ரத்னம் பற்றிச் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், இங்கே மகப்பேற்று மருத்துவத்தில் பெரிய பெயர். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது அவர் தலைமையில்தான். அதே மருத்துவர்தான் 1971 ஜூலையில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பால் மாற்ற அறுவை சிகிச்சையைச் செய்தார். நம்மில் பாதிப் பேர் பிறந்த அதே கேகே மருத்துவமனை. இதைக் கேட்டதும் அப்பாக்களின் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அப்புறம் கேள்விகள் வரும்: ஹார்மோன் எப்போது, திரும்ப முடியாதா, தேசிய சேவை என்னாகும், கல்யாணம்? எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல நீங்கள் மருத்துவராக வேண்டியதில்லை. சிகிச்சைக் கேள்விகளை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். முகாமில் வேண்டியது, இதே கேள்விகளோடு இரவில் தூங்காமல் கிடக்கும் இன்னொரு அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்பது மட்டும்தான்.

மூத்த திருநங்கை ஒருவரையாவது அன்றைக்கு அழைத்து வாருங்கள். வயதான, வேலை பார்த்த, வீடு வாங்கிய, சிரிக்கிற ஒரு திருநங்கையைப் பெற்றோர் பலர் நேரில் பார்த்ததே இல்லை. தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் 2014இல் ஜூன் சுவா தன் சகோதரியோடு தொடங்கிய தி டி புராஜெக்ட் அமைப்பை அணுகிப் பாருங்கள். வீடிழந்த திருநர்களுக்குத் தங்குமிடம் நடத்துவதற்காகத் தொடங்கியது அது.

பாதுகாப்பு

வரும் பெரியவர் ஒவ்வொருவரையும் முன்பே நேரில் சந்தியுங்கள். தெரிந்தவரின் தெரிந்தவர் என்பது போதாது. பெரியவர் எவரும் பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது, நானும் சேர்த்துத்தான். புகைப்படத்தில் முகம் வேண்டாம். இடத்தின் பெயரை இரண்டு நாளும் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவுக்கு 'ஜூன் குடும்பச் சந்திப்பு' மாதிரி சாதாரணப் பெயர் வையுங்கள், பாட்டியோ அண்ணனோ போனை எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

இரவில் ஏதாவது ஒரு பிள்ளை சாக வேண்டும் போல இருக்கிறது என்று சொல்லலாம். முதல் தடவையாகப் பத்திரமாக உணரும் இடத்தில்தான் அந்த வார்த்தை வெளியே வரும். பதறாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். தற்கொலை பற்றி யோசிக்கிறாயா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. தனியாக விடாதீர்கள். மருந்து, கத்தி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767 இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. தேசிய மனநல உதவி எண் 1771. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995. இந்த மூன்றையும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

பள்ளி முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு

நாம் நடத்துவது இரண்டு இரவு. பள்ளி முகாம் எப்படியும் வரும். தொடக்கநிலை 5இல் ஒன்று, உயர்நிலை 3இல் உபின் தீவில் உள்ள அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியில் ஐந்து நாள். பள்ளியில் பேசுவதற்கு முகாமுக்கு முந்தைய வாரம் வரை காத்திருக்காதீர்கள். ஒரு தவணை முன்பே வகுப்பாசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் சேர்த்துச் சந்தியுங்கள். பெரிய விவாதத்துக்குப் போகாமல் செய்யக்கூடிய மூன்றைக் கேளுங்கள்: தனியாகக் குளிக்க நேரம், எந்தக் கூடாரத்தில் யாரோடு, பெயர் அட்டையில் என்ன பெயர். பயிற்றுநராகச் சொல்கிறேன், குளிக்கும் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைப்பது எங்களுக்குக் கொஞ்சமும் கஷ்டம் இல்லை. முன்கூட்டித் தெரிந்தால் போதும்.

தனிக் கூடாரம் தருகிறோம் என்று பள்ளி சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் கூடாரத்துக்குப் பக்கத்தில் தனியாகப் படுக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் ஏன், ஏன் என்று கேட்பார்கள். நம்பிக்கையான நண்பர் ஒருவரின் கூடாரம் அடுத்ததாக இருக்கட்டும் என்று கேளுங்கள். போகவே வேண்டாம், விலக்குக் கொடுக்கிறோம் என்பதையும் முதல் பதிலாக ஏற்காதீர்கள். போவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் காலையில் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். பழைய பெயருக்கும் பழைய உடைக்கும் திரும்பிப் போக வேண்டிய பிள்ளைகள் இருப்பார்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பஞ்சும் வையுங்கள். பெயர் ஒட்டிகளை வாங்கிக்கொள்ளுங்கள், பையில் இருந்தால் வீட்டில் யார் கண்ணிலாவது படும். சேலை வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு, அக்கா பத்திரமாக வைத்திருப்பார், அடுத்த தடவை உனக்குத்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மனம் சரியும். வீடு முன்பைவிட இறுக்கமாகத் தெரியும். அதை எதிர்பார்த்து, கிளம்பும் முன்பே அடுத்த சந்திப்புக்குத் தேதி குறித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். நூலகத்திலோ தேக்காவில் ஒரு தோசைக்கோ, ஒரு மணி நேரம் போதும். கூட வந்த மாமாவோ சித்தியோ மூன்றாம் நாள் ஒரு போன் செய்யட்டும், படிவத்தில் எழுதிய பெயரைப் பார்த்துக்கொண்டு. செப்டம்பரில் ஒரு வார விடுமுறை உண்டு, அதில் பகல் பயணம் ஒன்று போகலாம். நவம்பர், டிசம்பர் விடுமுறை ஆறு வாரம். அப்போது மறுபடி தங்குவதானால் ஆகஸ்டிலேயே ஷாலேயைப் பதிவு செய்துவிடுங்கள். பள்ளி மூடிய பிறகு தேடினால் இரண்டு குளியலறை உள்ள வீடு கிடைப்பது கஷ்டம்.